அட்டை மாறினால் மருந்தும் மாறுமா? ஏடிஎச்டி மாத்திரையும் ஜெனரிக் சந்தேகமும்

விருத்தாசலத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் பீங்கான் பட்டறை வேலை. பையன் நான்காம் வகுப்பு. வகுப்பில் ஐந்து நிமிஷம் உட்கார மாட்டான், நோட்டைத் தொலைப்பான், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவான். டீச்சர் இரண்டு மூன்று முறை கூப்பிட்டுச் சொன்ன பிறகு, ரயில் ஏறி வெளியூருக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்த்தார்கள். ஏடிஎச்டி என்று சொல்லி, பெற்றோருக்குச் சில பயிற்சிகளும் அட்டோமாக்செட்டின் என்ற காப்ஸ்யூலும் கொடுத்தார்கள். மூன்று மாதம் போனதில் பையன் கொஞ்சம் தேறினான்.

நான்காவது மாதம் கடையில் அந்த அட்டை இல்லை. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, வேறு பெயர் போட்ட அட்டையைக் கடைக்காரர் கொடுத்தார். விலையும் குறைவு. அங்கேதான் சந்தேகம் பிறந்தது. "இது ஜெனரிக்குங்க, பழைய கம்பெனி மாத்திரை மாதிரி வேலை செய்யுமா?" இரண்டாம் நாள் பள்ளியில் ஒரு சண்டை. "நான்தான் சொன்னேனே, மலிவு மாத்திரை கேக்கல" என்று முடிவுக்கு வந்து, பழைய அட்டை கிடைக்கும்வரை எதுவும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். ஒன்றரை மாதம் மருந்தே இல்லை. அதற்குள் அரையாண்டுத் தேர்வும் முடிந்துவிட்டது.

இது கற்பனை வீடுதான். ஆனால் இந்தக் கேள்வி கற்பனை இல்லை. ஜெனரிக் ஏடிஎச்டி மருந்து பெயர்போன கம்பெனி மருந்துக்குச் சமமா என்பதை இந்த இதழில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், தவறான பதிலால் பிள்ளைக்கு மருந்தே நின்றுபோகிறது என்பதுதான். இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. சில மாத்திரைகளுக்கு "தாராளமாக மாற்றலாம்". ஒரு வகை மாத்திரைக்கு மட்டும் "டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்". எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் ஒரு சிறு விளக்கம். ஏடிஎச்டி என்பது கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த ஒரு வளர்ச்சிநிலைக் குறைபாடு. வாலுத்தனம் செய்யும் எல்லாப் பிள்ளைக்கும் இது கிடையாது. வயதுக்கு மீறிய அளவில், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், பல மாதங்களாகத் தொடர்ந்து இருக்க வேண்டும். டாக்டர் விசாரித்துத்தான் சொல்ல முடியும். 6 வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோர் பயிற்சிதான், மாத்திரை அல்ல. பெரியவர்களுக்கும் இது உண்டு.

'கம்பெனி மாத்திரை' என்று நாம் சொல்வது எதை?

நம் நாட்டில் ஏடிஎச்டிக்கு முக்கியமாக இரண்டு மருந்துகள். ஒன்று மெத்தில்பெனிடேட். 1944-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பானிசான் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. அவர் மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயர் ரீட்டா. அதிலிருந்துதான் 'ரிட்டலின்' என்ற பெயர் வந்தது. இன்னொன்று அட்டோமாக்செட்டின். அமெரிக்காவின் இலை லில்லி கம்பெனி 'ஸ்ட்ராட்டெரா' என்ற பெயரில் 2002-ல் அனுமதி வாங்கியது.

இப்போது உங்கள் வீட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். ஸ்ட்ராட்டெரா என்றா இருக்கிறது? அநேகமாக இருக்காது. அக்செப்டா, அட்டென்ட்ரால், டோமாக்செட்டின் என்று ஏதாவது இருக்கும். மெத்தில்பெனிடேட் என்றால் இன்ஸ்பைரல், ஆட்வைஸ் மாதிரிப் பெயர்கள். (அடையாளம் தெரியத்தான் பெயர் சொல்கிறோம், சிபாரிசு இல்லை.) இவை எதுவும் கண்டுபிடித்த கம்பெனியின் மாத்திரை அல்ல. இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தைத் தயாரித்து, தங்கள் சொந்தப் பெயரை வைத்து விற்பவை. அதாவது, அம்மா "ஒரிஜினல்" என்று நம்பிய பழைய அட்டையும் ஜெனரிக்தான். பெயர் வைத்த ஜெனரிக்.

இது எப்படி வந்தது என்றால், 1970-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தால். அந்தச் சட்டம் மருந்து என்ற பொருளுக்குக் காப்புரிமை கொடுக்கவில்லை, செய்முறைக்கு மட்டும் கொடுத்தது. 2005-ல்தான் பொருளுக்கான காப்புரிமை திரும்பி வந்தது. அந்த இடைவெளியில் நம் கம்பெனிகள் வேறு செய்முறையில் அதே மருந்துகளைச் செய்து பழகிவிட்டன. அமெரிக்காவில் அட்டோமாக்செட்டின் ஜெனரிக்குக்கு 2017-ல்தான் அனுமதி கிடைத்தது. இங்கே அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தியத் தயாரிப்பு கடைக்கு வந்துவிட்டது.

ஆகவே நம் ஊர்க் கடை வாசலில் "பிராண்டா, ஜெனரிக்கா?" என்று கேட்பது பெரும்பாலும் ஒரு ஜெனரிக்குக்கும் இன்னொரு ஜெனரிக்குக்கும் நடுவில் தேர்வு செய்வதுதான். விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு பெயரை நிலைநிறுத்தும் செலவு, விற்பனைப் பிரதிநிதிகளின் செலவு, கடை லாபம். மருந்துக்குள் போன செலவு அதில் சின்னது.

சமம் என்று யார், எப்படிச் சொல்கிறார்கள்?

ஜெனரிக் மாத்திரையை அசல் மாத்திரையோடு ஒப்பிடும் சோதனைக்கு உயிர்ச்சமத்துவ ஆய்வு என்று பெயர். ஆரோக்கியமான தன்னார்வலர்கள் சிலருக்கு ஒருநாள் அசலையும் இன்னொரு நாள் ஜெனரிக்கையும் கொடுத்து, மணிக்கணக்கில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். மருந்து எவ்வளவு உயரம் ஏறியது, மொத்தம் எவ்வளவு உள்ளே போனது என்ற இரண்டு அளவுகள். இரண்டின் விகிதமும், கணக்கில் வரும் ஏற்ற இறக்க எல்லைகளோடு சேர்த்து, 80-க்கும் 125 சதவீதத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

இந்த 80, 125 என்ற எண்கள்தான் வாட்ஸ்அப்பில் தப்பாகச் சுற்றுகின்றன. "ஜெனரிக்கில் 20 சதவீதம் மருந்து கம்மியா இருக்கலாமாம்" என்பார்கள். அப்படி இல்லை. சராசரி மட்டும் அல்ல, அந்தச் சராசரியைச் சுற்றியுள்ள சந்தேக எல்லை முழுவதுமே இந்த வேலிக்குள் அடங்க வேண்டும். அப்படி அடங்க வேண்டுமானால் சராசரி 100-க்கு மிக அருகில் இருந்தாக வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1996 முதல் 2007 வரை வந்த 2,070 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, உள்ளே போன மருந்தின் அளவில் அசலுக்கும் ஜெனரிக்குக்கும் சராசரி வித்தியாசம் சுமார் 3.5 சதவீதம். சாப்பிட்டுவிட்டுப் போடுவதா, வெறும் வயிற்றில் போடுவதா என்பதிலேயே சில மருந்துகளுக்கு இதைவிட அதிக வித்தியாசம் வரும்.

இந்தியாவில் 2017 ஏப்ரலில் மருந்து விதிகள் திருத்தப்பட்டு, சரியாகக் கரையாத வகை வாய்வழி மருந்துகளுக்கு இந்த ஆய்வு கட்டாயமாயிற்று. எளிதில் கரையும் மருந்துகளுக்கு அந்தக் கவலை குறைவு. வயிற்றில் போனதும் கரைந்துவிடும், யார் செய்தாலும் கரைந்துவிடும். சாதாரண மெத்தில்பெனிடேட் மாத்திரையும் அட்டோமாக்செட்டின் காப்ஸ்யூலும் இந்த எளிய வகையைச் சேர்ந்தவை. தரச் சோதனையில் தேறிய எந்த அட்டையானாலும், மில்லிகிராம் ஒன்றாக இருந்தால் இவற்றை மாற்றுவதில் பயப்பட ஒன்றும் இல்லை.

சந்தேகம் நியாயமான ஒரு இடம்

ஆனால் மெத்தில்பெனிடேட்டில் இன்னொரு வகை இருக்கிறது. சாதாரண மாத்திரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கி, மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். மதியம் பள்ளியில் இன்னொரு மாத்திரை போட வேண்டும். அதைத் தவிர்க்க, மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் நீண்டநேர மாத்திரைகள் வந்தன. அட்டையில் எஸ்.ஆர்., ஓ.டி., இ.ஆர்., எக்ஸ்.எல். என்று எழுத்து சேர்ந்திருக்கும்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஒரே களிமண், ஒரே குவார்ட்ஸ், ஒரே ஃபெல்ட்ஸ்பார் கலவைதான். ஆனால் சூளையில் எந்த வேகத்தில் சூடு ஏற்றுகிறோம், எவ்வளவு நேரம் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு பட்டறையின் ஃபியூஸ் கேரியர் நிற்கும், இன்னொன்றின் சரக்கு விரிசல் விடும். கலவைப் பட்டியலை மட்டும் பார்த்துச் சரக்கை எடை போட முடியாது. நீண்டநேர மாத்திரையும் அப்படித்தான். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. அதை எந்த வேகத்தில் விடுகிறது என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி தொழில்நுட்பம் வேறுபடுகிறது.

இதற்கு ஒரு உண்மைக் கதை உண்டு. அமெரிக்காவில் 2000-ல் 'கான்செர்ட்டா' என்ற நீண்டநேர மெத்தில்பெனிடேட் வந்தது. அதன் வேலைப்பாடு அழகானது. மேல் பூச்சில் கொஞ்சம் மருந்து, அது உடனே கரையும். உள்ளே ஒரு கெட்டி ஓடு, அதில் லேசரால் போட்ட ஒரு துளை. குடலில் உள்ள நீர் உள்ளே புக, ஒரு அடுக்கு உப்பி, மருந்தைத் துளை வழியாகச் சீராகத் தள்ளும். சுமார் 12 மணி நேரம். வேலை முடிந்ததும் வெற்று ஓடு மலத்தோடு வெளியேறும். (அதைப் பார்த்து "மாத்திரை அப்படியே வந்துடுச்சு" என்று பயந்த பெற்றோர் உண்டு.)

பிறகு ஜெனரிக் கான்செர்ட்டாக்கள் வந்தன. ஒன்று, அசல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு அதே மாத்திரையை வேறு பெயரில் விற்றது. அது அச்சு அசல் அதே. மாலின்க்ராட், குட்கோ என்ற இரண்டு கம்பெனிகளின் மாத்திரைகள் வேறு தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டவை. அவற்றுக்கு மாறிய சிலர், மத்தியானத்துக்கு மேல் மருந்து நிற்கவில்லை என்று புகார் செய்தார்கள். "எல்லாம் மனப்பிரமை" என்று தள்ளிவிடாமல் எஃப்.டி.ஏ. தரவை மறுபடி பார்த்தது. சிலருக்கு 7 முதல் 12 மணி வரையிலான நேரத்தில் மருந்து மெதுவாக வருகிறது என்று தெரிந்தது. 2014 நவம்பரில் இரண்டு மாத்திரைகளின் சமத்துவக் குறியீட்டையும் இறக்கி, தானாக மாற்றிக் கொடுக்கத் தக்கவை அல்ல என்று அறிவித்தது. ஆறு மாதத்தில் நிரூபியுங்கள் அல்லது விலக்கிக்கொள்ளுங்கள் என்றது. 2016-ல் அனுமதியையே ரத்துசெய்ய முன்மொழிந்தது.

இதை வைத்து "ஜெனரிக் எல்லாம் மோசம்" என்று சொல்லக் கூடாது. அங்கே அதே சமயம் ஒரு ஜெனரிக் கான்செர்ட்டா சரியாகவே வேலை செய்தது. சிக்கல் மருந்தில் இல்லை, வெளிவிடும் பொறியில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் முதலில் வீட்டில் நேரம் குறித்துப் பார்த்த நோயாளிகளும் பெற்றோரும்தான்.

இந்தியச் சட்டமும் இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறது. 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, மெல்ல வெளிவிடும் வகை எப்போதுமே 'புதிய மருந்து' என்றே கருதப்படும். எத்தனை ஆண்டு ஆனாலும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். நமக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி ஒன்றே: அட்டையில் எஸ்.ஆர்., ஓ.டி., இ.ஆர்., எக்ஸ்.எல். இருந்தால், ஒரு கம்பெனியில் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது டாக்டரிடம் சொல்லாமல் இன்னொன்றுக்கு மாறாதீர்கள். 10 மில்லிகிராம் சாதாரண மாத்திரையும் 10 மில்லிகிராம் எஸ்.ஆர். மாத்திரையும் ஒன்றல்ல. எண் ஒன்று என்பதால் கடையில் மாறிப்போக வாய்ப்பு உண்டு. நீண்டநேர மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது, அந்தப் பொறி உடைந்துவிடும். அட்டோமாக்செட்டின் காப்ஸ்யூலையும் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பொடி கண்ணில் பட்டால் எரிச்சல் உண்டாகும்.

கடைக்காரர் ஏன் மாற்றித் தர மறுக்கிறார்?

"இதே மருந்துதானே, மலிவா இருக்கிறதைக் கொடுங்க" என்று கேட்டால் சில கடைக்காரர்கள் முடியாது என்பார்கள். அவர்மேல் கோபப்பட வேண்டாம். மருந்து விதி 65(11ஏ)-ன்படி, ஹெச் மற்றும் எக்ஸ் அட்டவணை மருந்துகளில் சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொரு தயாரிப்பை, அதே மருந்தே ஆனாலும், கடைக்காரர் தன் இஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடாது. மலிவான அட்டை வேண்டும் என்றால் கேட்க வேண்டிய இடம் கடை அல்ல, டாக்டர் அறை. "சார், மருந்தோட பொதுப் பெயரை எழுதிக் கொடுங்க" என்று கேட்கலாம். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. மருத்துவர்கள் பொதுப் பெயரில், தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-ல் திருத்தப்பட்ட மருத்துவக் கவுன்சில் விதியே சொல்கிறது.

மெத்தில்பெனிடேட் விஷயத்தில் இன்னும் ஒரு கட்டு உண்டு. அது எக்ஸ் அட்டவணை மருந்து. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சாதாரண மருந்துக் கடை உரிமம் போதாது, இதற்கென்று தனி உரிமம் வேண்டும், பூட்டு போட்ட அலமாரி வேண்டும். அதனால்தான் ஊரில் பத்துக் கடை ஏறி இறங்கினாலும் சிலசமயம் கிடைக்காது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, இந்த வகை மருந்தை வீடியோ காலில் எழுதித் தரவும் முடியாது. நேரில் போகத்தான் வேண்டும். "சீட்டு இல்லாம அனுப்புறோம்" என்று டெலிகிராமிலோ வேறு தளத்திலோ யாராவது சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வாங்குபவர் மேலும் வழக்கு வரும். வெளிநாட்டில் இருக்கும் மாமாவைத் தபாலில் அனுப்பச் சொல்வதும் அதே சிக்கல்தான்.

இதில் விருத்தாசலம் போன்ற ஊர்க்காரர்களுக்குப் பயனுள்ள வழி: வெளியூர் டாக்டரைப் பார்த்த நாளிலேயே, அந்த ஊர்க் கடையில் டாக்டர் எழுதிய காலம் முழுவதுக்கும் வாங்கிவிடுங்கள். அட்டை கடைசி வரிசைக்கு வரும்வரை காத்திருந்தால் எந்தக் கம்பெனி கிடைக்கிறதோ அதுதான் என்ற நிலை வந்துவிடும்.

தரம் என்பது பெயரில் இல்லை

"பெரிய பெயர் என்றால் தரம்" என்ற எண்ணத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் இறந்ததோடு தொடர்புபடுத்தப்பட்ட 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தும் ஒரு வணிகப் பெயர் போட்ட மருந்துதான். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனைதான் காட்டியது. பெயர் காப்பாற்றவில்லை, சோதனைதான் காட்டிக்கொடுத்தது. ஆக, தரத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி "எந்தப் பெயர்?" அல்ல, "இந்தத் தொகுதியை யார் சோதித்தார்கள்?"

அந்தக் கேள்விக்கு அரசு வழியில் வரும் மருந்தில் பதில் உண்டு. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், பொதுப் பெயரில் மொத்தமாக மருந்து வாங்கி மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. கிடங்குக்கு வந்த தொகுதியிலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, ரகசிய எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போகும். யாருடைய மருந்து என்று சோதிப்பவருக்கே தெரியாது. அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் மாத்திரையைச் சந்தேகமாகப் பார்ப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களுக்குப் போகும் மருந்துகளும் தொகுதிவாரியாக அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதிக்கப்படுபவை. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அங்கேயும் பொதுப்பெயர் மருந்துகள்தான். ஏடிஎச்டி மருந்து எல்லாக் கடையிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், எக்ஸ் அட்டவணை மருந்துக்கு மேலே சொன்ன உரிமக் கட்டு உண்டு. போய்க் கேட்டுவிட்டு, இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

அட்டை மாறிய பிறகு எதைக் கவனிப்பது?

அந்த வீட்டுக்கே திரும்புவோம். இரண்டாம் நாள் சண்டையை மருந்தின் மேல் போட்டார்களே, அது சரியா? அட்டோமாக்செட்டின் மெல்ல ஏறும் மருந்து. தொடங்கும்போது முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். அப்படி மெல்ல ஏறியது பொதுவாக ஒரே நாளில் சரிந்துவிடாது. இரண்டு நாளை வைத்து அதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மருந்து போடும் பிள்ளையும் பிள்ளைதான், சண்டை போடும் நாளும் வரும்.

இன்னொன்று, எதிர்பார்ப்பு. "இது கேக்காது" என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு குறும்பும் கண்ணில் படும். இது அம்மாவின் தப்பு இல்லை, மனித மனம் அப்படித்தான். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. அட்டை மாறியதை டீச்சரிடம் சொல்லாதீர்கள். "இந்த ரெண்டு வாரம் எப்படி இருக்கான் மேடம்?" என்று மட்டும் கேளுங்கள். மாற்றம் தெரியாதவர் சொல்லும் பதிலுக்கு மதிப்பு அதிகம். டாக்டர்கள் ஆசிரியருக்கென்று தனிப் படிவம் கொடுப்பதும் இதற்காகத்தான்.

மெத்தில்பெனிடேட் அன்றே ஏறி அன்றே இறங்கும் மருந்து என்பதால், அதில் வித்தியாசம் இருந்தால் சீக்கிரமே தெரியும். போனில் நோட்ஸ் திறந்து, மாத்திரை போட்ட நேரம், அமைதியான நேரம், மறுபடி துறுதுறுப்பு தொடங்கிய நேரம், மதியம் சாப்பிட்டானா, இரவு எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று ஒரு வாரம் எழுதுங்கள். முன்பு மாலை 5 மணிவரை நின்றது இப்போது 2 மணிக்கே இறங்குகிறது, அதுவும் தினமும் அப்படியே என்றால், அது மனப்பிரமை இல்லை. அந்த நோட்ஸோடு டாக்டரிடம் போங்கள். "சரியா வேலை செய்யல சார்" என்பதைவிட "ரெண்டு மணிக்கே இறங்குது சார்" என்பதுதான் அவருக்கு உதவும். நிறுத்துவதா, அளவு மாற்றுவதா, பழைய அட்டைக்கே திரும்புவதா என்பது அவர் முடிவு.

பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும் எந்தக் கம்பெனி ஆனாலும் வரக்கூடியவை. எடையும் உயரமும் அவ்வப்போது பார்க்க வேண்டும். அட்டோமாக்செட்டின் போடும் பிள்ளை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்துபோய், சாவதைப் பற்றிப் பேசினாலோ, கண்ணோ சிறுநீரோ மஞ்சளாகத் தெரிந்தாலோ, காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கையில் இருக்கும் போனால் செய்யக்கூடியவை

ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு போட்டோ. மருந்தின் பொதுப் பெயர், மில்லிகிராம், எஸ்.ஆர். போன்ற எழுத்து, தொகுதி எண், தயாரிப்பு, காலாவதித் தேதி எல்லாம் விழ வேண்டும். 2018 முதல் அட்டையில் பொதுப் பெயரை வணிகப் பெயரைவிட இரண்டு அளவு பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும் என்பது விதி, அதனால் தேடத் தேவையில்லை. மாத்திரையைக் கத்திரிக்கோலால் வெட்டித் தந்தால் தொகுதி எண் உள்ள துண்டையும் கேட்டு வாங்குங்கள். கியூஆர் குறி சில அட்டைகளில் இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது. இல்லை என்பதால் போலி என்று அர்த்தம் இல்லை.

விலை பார்க்க 'பார்மா சஹி தாம்' என்ற செயலி, மத்திய மருந்து விலை ஆணையத்துடையது. 'ஜன் ஔஷதி சுகம்' செயலியில் மருந்தின் பொதுப் பெயரைத் தட்டினால் மக்கள் மருந்தகப் பட்டியலில் அது உண்டா, என்ன விலை, பக்கத்துக் கடை எங்கே என்று காட்டும். வணிகப் பெயரைத் தட்டாமல் பொதுப் பெயரைத் தட்டுங்கள். தரக்குறைவு என்று கண்டறியப்பட்ட தொகுதிகளின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் தன் இணையதளத்தில் போடுகிறது, போட்டோவில் உள்ள தொகுதி எண்ணை அதில் ஒப்பிடலாம்.

பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை, பெற்றோரே சொல்லலாம். அலுவல் நாள்களில் பேசுவார்கள். அட்டை மாறியதும் பலன் குறைந்தது என்பதையும் அங்கே பதியலாம், அப்போது அந்தத் தொகுதி எண் கைவசம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் கான்செர்ட்டா விஷயம் வெளியே வந்ததும் இப்படிப்பட்ட பதிவுகளால்தான்.

பிள்ளைக்கு ஏடிஎச்டி இருக்குமோ என்ற சந்தேக நிலையில் இருப்பவர்கள் எடுத்த எடுப்பில் பெரிய நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை. தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழு பார்க்கும் குறைபாடுகளில் ஏடிஎச்டியும் ஒன்று. 18 வயதுவரை பார்ப்பார்கள். அங்கிருந்து மாவட்ட அளவிலான இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் உங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் இடத்தில் கேட்டு வையுங்கள். இரவில் மனசு கேட்காமல் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416. டெலி மானஸ் என்ற இந்த மனநல உதவி எண் இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசுவார்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை மறக்காமல் கேட்டு, பதிலைச் சீட்டின் ஓரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: "சார், இந்த அட்டை கிடைக்கலைன்னா வேற கம்பெனி வாங்கலாமா, இல்ல இதேதான் வேணுமா?"